சிவப்புக் காரும் மூன்று சங்கங்களும்

எங்கள் நல்லாம்புதூரில் மொத்தம் மூன்று பேர்தான் விவரமானவர்கள். இதை அந்த மூன்று பேருமே சொல்லிவிட்டதால் ஊரில் வேறு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதல் ஆள் திருமூர்த்தி. தென்னந்தோப்புக்காரன், முப்பத்தொரு வயது, பொய் சொல்ல வராது. இரண்டாவது பொங்கியண்ணன், மாவு மில் வைத்திருக்கிறான். மூன்றாவது சென்னியப்பன். அவனுக்குச் செல்போன் கடை இருப்பதால் இன்டர்நெட் விஷயத்தில் அவன் சொல்வதுதான் முடிவு. நான் ரத்தினம். அந்தக் கடைக்கு எதிர்க்கடையில் இருபத்தைந்து வருஷமாகத் துணி தைக்கிறேன். குனிந்த தலை நிமிராத தொழில்தான், ஆனால் காது சும்மாதானே இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் திருமூர்த்தி வால்பாறை எஸ்டேட் ஒன்றில் பழைய சாமான் ஏலத்துக்குப் போனான், தோப்புக்கு ஒரு பம்பு மோட்டார் வாங்க. லாரியில் ஒரு காரோடு திரும்பி வந்தான். சிவப்பு நிறம், கூரை கிடையாது, ரெண்டே ரெண்டு சீட்டு, ரேஸ் கார் மாதிரி தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் வெள்ளைக்கார நாட்டில் செய்தது. கம்பெனி பேர் எழுத்தெல்லாம் உதிர்ந்து போயிருந்தது.

"ஏன்டா, மோட்டார்தானே வாங்கப் போனே?" என்று கேட்டேன்.

"இதுலயும் மோட்டார் இருக்குதுங்கண்ணா" என்றான்.

இருந்தது. ஓடவில்லை. நாலு வருஷம் ஷெட்டில் நின்றது. அதை ஓட வைக்கிற சாமானைத் தேடித் திருமூர்த்தி பொள்ளாச்சியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனான். கல்லாவில் செண்பகவல்லி என்று ஒரு பெண் இருந்தாள்.

"என்ன பார்ட்டுங்க வேணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அதைத்தானுங்க நானும் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்" என்றிருக்கிறான்.

அந்தப் பெண் சிரித்துவிட்டது. அதற்கப்புறம் இவன் வாராவாரம் போய் ஒரு நட்டு வாங்கிக்கொண்டு வந்தான். முப்பத்தோராவது நட்டில் அவளே, "நட்டு போதுங்க, எங்கப்பாவை வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா கிட்டுசாமி, முப்பத்து நாலு வருஷம் வால்பாறை மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அவர் சுத்தி வளைக்கவில்லை. "தம்பி, சொந்த ஷெட்டுல நிக்கிற வண்டியைக் கிளப்பத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி ஓட்டுவே? வர்ற புதனுக்கு அடுத்த புதன் நிச்சயம். அந்தக் காரை நீயே ஓட்டிட்டு வந்து என் வாசல்ல நிறுத்து. பன்னெண்டு மணிக்கு ராகு காலம், அதுக்குள்ள வந்தா தட்டு மாத்திக்கலாம். வரலேன்னா எம் பொண்ணை மறந்துரு" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குத் திருமூர்த்தி மற்ற ரெண்டு பேரோடும் என் கடைக்கு வந்து, "அண்ணா, எனக்கு அந்தப் புள்ளைதானுங்க வேணும்" என்று கண் கலங்கி நின்றான். எனக்கே மனசு கேட்கவில்லை.

"பொள்ளாச்சியில ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாடா" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சென்னியப்பன்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னான். "மெக்கானிக்குன்னா ஒரே ஒரு ஆளுங்கண்ணா. இன்டர்நெட்டுல இந்த மாதிரி பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கறவங்க சங்கமே மூணு இருக்குது. ஒவ்வொண்ணுலயும் பத்தாயிரம் பேரு."

"அப்ப மூணுலயும் கேளுங்க."

"அதெப்படிங்க? மூணுல எது நல்ல சங்கம்னு முதல்ல பாக்க வேண்டாமா?" என்றான் பொங்கியண்ணன்.

ஆளுக்கு ஒரு சங்கத்தில் சேருவது, அந்தச் சங்கம் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் செய்வது, கடைசியில் எது உசத்தி என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. கையில் இருந்தது பதினான்கு நாள்.

பொங்கியண்ணன் சேர்ந்தது 'அசல் காப்போர் சங்கம்'. அவர்களுக்கு ஒரே கொள்கை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது வண்டியில் என்ன இருந்ததோ அது மட்டும்தான் இருக்க வேண்டும். பொங்கியண்ணன் அன்றைக்கே ஸ்பேனரோடு ஷெட்டுக்குள் போனான். சீட் கவரைக் கழற்றினான். பேட்டரி போன வருஷம் வாங்கியது என்று கழற்றினான். டயர் உள்ளூர் டயர் என்று நாலையும் கழற்றப் போனவன் நடுவில் நின்றுவிட்டான்.

"மாப்ள, டயருக்குள்ள இருக்கற காத்து எந்த வருஷத்துது?"

"நம்ம பஞ்சர் கடையில போன தீபாவளிக்கு அடிச்சதுங்க" என்றான் திருமூர்த்தி.

"அப்ப அதுவும் அசல் கிடையாது" என்று முதலில் காற்றை இறக்கிவிட்டு, பிறகு டயரைக் கழற்றினான். காற்று தனி, டயர் தனி என்று சங்கத்துக்கு இரண்டு கணக்காக எழுதிப்போட்டான்.

இன்ஜினுக்குள் ஒரு பல்லி குடியிருந்தது. அது வண்டியோடு வந்ததா, இடையில் வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கத்தில் கேட்டான். மறுபடியும் மறுபடியும் சண்டை நடந்து, சந்தேகத்தின் பலன் பல்லிக்கே என்று அவர்கள் சொல்ல, பல்லியை மட்டும் விட்டுவிட்டான்.

அந்தச் சங்கத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. வண்டி எந்த வருஷமோ அந்த வருஷத்து உடுப்பில்தான் சொந்தக்காரர் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். அதனால் எனக்கு ஒரு வேலை வந்தது. அறுபத்தோராம் வருஷத்து வெள்ளைக்காரன் மாதிரி ஒரு கம்பளிக் கோட்டு. நம்ம வெயிலில் அதைப் போட்டால் ஆள் அவிந்துவிடுவான் என்று தெரிந்தும், தொழில் தொழில்தானே என்று தைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் அப்படி ஒரு காலர் விழுந்ததில்லை.

திருமூர்த்தி சேர்ந்தது 'ஓட்டுவோர் வட்டம்'. வண்டியைப் பூட்டி வைக்கிறவன் வண்டிக்காரனே இல்லை என்பது அவர்கள் கட்சி. தினமும் அரை மணி நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்தாக வேண்டும், வழியில் வேறொரு பழைய வண்டி எதிர்ப்பட்டால் கை காட்ட வேண்டும். இவன் தினமும் காலையில் டயரில்லாத காரில் அரை மணி நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஷெட்டுக்கு முன்னால் போன பழைய வண்டிக்கெல்லாம் கை காட்டினான். பஞ்சாயத்துக் குப்பை வண்டி, ரேஷன் கடை டெம்போ, ஒரு மாட்டு வண்டி. எல்லாரும் பதிலுக்குக் கை காட்டினார்கள். நம்ம ஊர் சனம் அந்த விஷயத்தில் தங்கம்.

சென்னியப்பன் சேர்ந்தது 'பழம்பெரும் கார் மன்றம்'. அங்கே முதல் விதி, புது உறுப்பினர் ஏழு நாளைக்கு வாசிக்க மட்டும் செய்ய வேண்டும், பேசக்கூடாது. சென்னியப்பன் வாயை மூடிவிட்டான். கடைக்கு வந்தவர்கள், "சார்ஜ் ஏறலப்பா" என்று போனை நீட்டினால், வாங்கி அதில் இருந்ததை எல்லாம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மூன்றாவது நாள் கிட்டுசாமி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிட்டார். வரப்போகிற மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க. நேராகச் சென்னியப்பன் கடைக்குத்தான் போனார். எனக்குக் கையில் ஊசி, வாயில் நூல்.

"ஏனப்பா, திருமூர்த்தி குடிப்பானா?"

சென்னியப்பன் அவரைப் பார்த்தான். பேசவில்லை.

"சீட்டு கீட்டு ஆடுவானா? வேற ஏதாச்சும் இருக்கா?"

பேசவில்லை.

கிட்டுசாமி வெளியே வந்து என்னிடம் சொன்னார். "பக்கத்துல இருக்கறவன் வாயிலிருந்தே ஒரு குத்தம் வரலீங்களே. தங்கமான பையன்தான் போல." அப்படியே ஷெட்டுப் பக்கம் நடந்தார். திருமூர்த்தி உள்ளேயிருந்து அவருக்கும் கை காட்டினான். முப்பத்து நாலு வருஷம் ஓடிய பஸ் டிரைவர் என்பதால் பழைய வண்டிக் கணக்கில் சேர்த்துக்கொண்டானாம்.

எட்டாவது நாள் சென்னியப்பன் வாயைத் திறந்தான். மன்றத்தில் கேள்வி போட்டான். 'வண்டி ஓடவில்லை. ஏன்?' கொஞ்ச நேரத்தில் ஒருவர் பதில் போட்டார். 'படம் எங்கே? இந்த மன்றத்தில் படம் இல்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம்.'

மூன்று பேரும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"வண்டி ஓடலைங்கறதுக்கு நம்மகிட்டப் படம் இல்ல" என்றான் சென்னியப்பன்.

"அப்ப வண்டி ஓடாமப் போனது நடக்கவே இல்லீங்களா?" என்றான் திருமூர்த்தி.

"விதிப்படி இல்ல."

"அப்படீன்னா ஓடுது."

"ஓடணும்."

எழுந்து ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஓடவில்லை.

சரி, படமே எடுத்துவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். "ஓடற வண்டியைப் படம் எடுத்தாலும் படத்துல நின்னுக்கிட்டுத்தானே இருக்கும்? இது ஓடாத வண்டின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் பொங்கியண்ணன். இந்தக் கேள்வி எனக்கே நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் ஒரு அட்டையில் 'ஓடவில்லை' என்று எழுதி, அதைப் பிடித்துக்கொண்டு பொங்கியண்ணன் காருக்குப் பக்கத்தில் நிற்க, படம் எடுத்தார்கள்.

ரெண்டே நிமிஷத்தில் 'பொள்ளாச்சி வல்லி ஸ்பேர்ஸ்' என்ற பேரில் ஒரு பதில் வந்தது. 'படத்துல பேட்டரியே இல்லீங்களே. டயரும் இல்ல. மொதல்ல ரெண்டையும் மாட்டுங்க. அப்புறம் இன்ஜினுக்குள்ள இருக்கறதை ஒவ்வொண்ணாப் படம் எடுத்துப் போடுங்க. சீக்கிரம் போடுங்க. புதன்கிழமைக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்குது.'

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். "டேய், இது யாருன்னு தெரியலையா?"

"யாரோ வல்லியாமுங்க. பொள்ளாச்சியாம்" என்றான் சென்னியப்பன்.

"உனக்குமா தெரியல?" என்று திருமூர்த்தியைக் கேட்டேன்.

"பொள்ளாச்சி பெரிய ஊருங்கண்ணா" என்றான்.

பாவம், அந்தப் பெண்ணுக்கும் இவன்தான் வேண்டுமென்று இருந்தது, அதற்கு யார் என்ன செய்ய முடியும். ஆறு நாளாக அறுபத்து மூன்று படம் வாங்கிப் பார்த்தாள். அதில் இருபது படம் பொங்கியண்ணனின் கட்டைவிரல். பேட்டரியும் டயரும் திரும்ப ஏறின. ப்ளக்கைத் துடைக்கச் சொன்னாள், துடைத்தார்கள். ஒயரை மாற்றச் சொன்னாள், மாற்றினார்கள். கடைசியில் பெட்ரோல் போகிற குழாய்க்குள் பல்லி முட்டை அடைத்திருப்பதை அறுபத்து மூன்றாவது படத்தில் கண்டுபிடித்தாள். முட்டை அசலா என்று பொங்கியண்ணன் ஆரம்பித்தான். 'எடுக்கலேன்னா நானே பஸ் ஏறி வந்துருவேன்' என்று பதில் வந்ததும் எடுத்துவிட்டான்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குச் சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. திருமூர்த்திக்கு நம்பவே முடியவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு அவனும், பக்கத்தில் சென்னியப்பனும் காரில் போனார்கள். திருமூர்த்தியின் அம்மா, சித்தப்பா, தாம்பாளத்தோடு பொங்கியண்ணன், நான் எல்லாரும் முதல் பஸ்ஸிலேயே போய்க் காத்திருந்தோம். இருபத்திரண்டு கிலோமீட்டர். பதினொன்றேகாலுக்கு வண்டி கிட்டுசாமி வாசலில் வந்து நின்றது. மனுஷன் வெளியே வந்து, பானெட் மேல் கையை வைத்து, இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார்.

செண்பகவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து நான் ஒரு டம்ளர் மோர் வாங்கினேன்.

அப்போது சென்னியப்பன் கேட்டான். "மாப்ள, காலைல வண்டி கிளம்புச்சே, யாராச்சும் படம் எடுத்தமா?"

யாரும் எடுக்கவில்லை.

"அப்ப கிளம்பலையே" என்றான் பொங்கியண்ணன்.

"கிளம்பாத வண்டி எப்படிடா இங்க வந்து நிக்குது?" என்று நான் கத்தினேன்.

"நிக்கறதுக்குப் படம் எடுக்கலாமுங்கண்ணா. நாலு வருஷமா நின்னுக்கிட்டுத்தான் இருக்குது" என்றான் சென்னியப்பன்.

திருமூர்த்தியின் முகம் வெளுத்துவிட்டது. "நடக்காததை நடந்ததாச் சொல்லி அந்தப் புள்ளையைக் கட்டறதுங்களா? என்னால முடியாதுங்கண்ணா. மாமா நம்பி மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுட்டாரு" என்றான். சொன்னேனே, அவனுக்குப் பொய் வராது. சென்னியப்பனோடு ஊருக்குத் திரும்பிப் போய், மறுபடியும் ஷெட்டிலிருந்து கிளப்பி, படம் எடுத்துக்கொண்டு வருவதாக முடிவு செய்தான். போகும்போது கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தான், புழுதி படக்கூடாதென்று. மாப்பிள்ளை நாற்காலி காலியாக இருந்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்களே என்று என்னையே அதில் உட்காரச் சொன்னான்.

நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் கோட்டைக் கையில் வைத்திருந்தால் மடிப்பு விழும். மடியில் வைத்தால் காலர் சாயும். அந்தக் காலர் சாய்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது, தைத்தவனுக்குத்தான் அந்த வருத்தம் தெரியும். போட்டுக்கொண்டேன்.

பதினொன்று ஐம்பத்தைந்து ஆனது. மாப்பிள்ளையைக் காணோம். கிட்டுசாமி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். செண்பகவல்லி வந்து நின்று, "அப்பா, வண்டி வந்துச்சா இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு."

"அவரே ஓட்டிட்டு வந்தாரா?"

"ஆமா."

"அப்பத் தட்டை மாத்துங்க. ராகு காலம் வந்துரப் போகுது."

பெரியவர்கள் தட்டு மாற்றினார்கள். போட்டோக்காரர், "மாப்பிள்ளை கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றார். இருபத்தைந்து வருஷமாக அளவு எடுக்கும்போது நான் எல்லாரையும் திரும்பச் சொல்கிறவன். என்னை யாரோ திரும்பச் சொன்னதும் பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டேன். படம் விழுந்துவிட்டது.

ஒன்றே முக்காலுக்குத் திருமூர்த்தி காரில் தனியாக வந்தான். பத்து நிமிஷம் கழித்துச் சென்னியப்பன் பஸ்ஸில் வந்தான். வண்டி கிளம்புவதை முன்னால் நின்று படம் எடுத்தவன் அவன்தான். அவனை ஏற்றிக்கொள்ள வண்டியை நிறுத்தினால் மறுபடியும் கிளப்ப வேண்டும், அதற்கு இன்னொரு படம் வேண்டும் என்பதால் திருமூர்த்தி நிறுத்தாமல் வந்துவிட்டானாம்.

போட்டோக்காரரின் கேமராவை வாங்கி மூன்று பேரும் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"நிச்சயம் நடந்துருக்குது. படம் இருக்குது" என்றான் சென்னியப்பன்.

"மாப்பிள்ளை நம்ம ரத்தினண்ணன்" என்றான் பொங்கியண்ணன். "அசல் கோட்டுல இருக்காரு."

திருமூர்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நல்லா இருங்கண்ணா" என்றான் என்னைப் பார்த்து.

"அட கெரகமே! எனக்குக் கல்யாணமாகி இருபத்து மூணு வருஷம் ஆச்சுடா!" என்றேன்.

சென்னியப்பன் மெதுவாகத் திரும்பினான். "படம் இருக்குதுங்களா?"

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவன் கேமராவில் பிலிம் ரோல் போட மறந்துவிட்டான். நாள் முழுக்க எடுத்தான், ஒரு படம் கூடக் கிடையாது. என் மனைவி சுலோசனா அதை மாசத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் இருந்ததில்லை.

"இல்ல" என்றேன்.

"அப்ப நடக்கவே இல்லீங்க" என்றான்.

கிட்டுசாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாசலில் நின்ற சொந்தக்காரர்களில் ரெண்டு பேர் எனக்கு எத்தனை வயசு என்று கேட்டார்கள். நான் செண்பகவல்லியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த வீட்டில் புத்தியோடு இருந்தது அவள் ஒருத்திதான். அவள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்களிடம் நியாயம் பேசுவதைவிட விதியைப் பேசுவது சுலபம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணா, உங்க வீட்டுக்காரம்மாவை வரச் சொல்லுங்க. உங்களுக்குக் கல்யாணமாகிப் படம் இருந்துச்சுன்னா இந்த நிச்சயம் செல்லாது. அப்புறம் நாங்க புதுசாத் தட்டு மாத்திப் படம் எடுத்துக்கறோம். ராகு காலந்தான் முடிஞ்சுருச்சே" என்றாள்.

சுலோசனாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். "இருபத்து மூணு வருசமா இதைத்தானே நானும் சொல்லிக்கிட்டு இருக்கறேன்! அந்தத் தம்பிக்காவது தெரிஞ்சுதே" என்றாள். அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள், பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, எங்கள் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு.

எனக்கு அந்தக் கம்பளிக் கோட்டு. கிட்டுசாமி எடுத்துக் கொடுக்க மாலை மாற்றினோம். சிவப்புக் காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். போட்டோக்காரர் ரோல் தேவைப்படாத கேமராவில் முப்பது படம் எடுத்தார். அதற்கப்புறம் திருமூர்த்திக்கும் செண்பகவல்லிக்கும் நிச்சயம் நடந்தது. அவனும் அவளும் சேர்ந்து நிற்கிற படத்தைச் சென்னியப்பன் மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, "நடந்துருச்சு" என்று சொன்ன பிறகுதான் திருமூர்த்தி மூச்சு விட்டான்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஏன்டா, மூணுல எந்தச் சங்கம் உசத்தின்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். அதை மறந்தே போயிருந்தார்கள். அங்கேயே நின்று பேசி, அந்தச் சிவப்புக் காரில் நானும் சுலோசனாவும் உட்கார்ந்திருந்த படத்தை மூன்று சங்கத்திலும் போட்டார்கள். ஓட்டுவோர் வட்டத்தில் கை காட்டினார்கள். பழம்பெரும் கார் மன்றத்தில், நடந்தது என்று ஒத்துக்கொண்டார்கள். அசல் காப்போர் சங்கத்தில், சொந்தக்காரர் வண்டி, கோட்டு, மனைவி எதையுமே மாற்றாமல் வைத்திருக்கிறார் என்று எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு என் கடையில் மாட்டியிருக்கிறேன். துணி தைக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "எப்பங்க கல்யாணம்?" என்று கேட்பார்கள். எனக்கு முன்னால் சுலோசனாவே பதில் சொல்லிவிடுவாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாசம் ஆகிறது. பெரியவள் காலேஜில் ரெண்டாம் வருஷம் படிக்கிறாள்.